மூடி வெச்ச கெனோப்பிக்குள்ள ஏர் கூலர் வேணாம்கா

பினாங்கு சுங்கை ஆராவுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகளோட கல்யாண டின்னர் அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, மண்டபம் கிடைக்கல, வீட்டுக்கு எதிர்ல உள்ள பாடாங்லயே (மைதானத்துலயே) கெனோப்பி (துணிக்கூடாரம்) போட்டு வெச்சிக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, 200 பேர் வருவாங்க. கெனோப்பிக்காரர் என்ன சொல்றார்னா நாலு பக்கமும் துணி கட்டி மூடிட்டு உள்ள ஆறு ஏர் கூலர் வெச்சா ஏர்கோன் மாதிரியே ஜில்லுனு இருக்குமாம். இது சரியா வருமா, மழை பேஞ்சா என்ன பண்றது, அப்புறம் அதுக்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்ல கேமரன் மலை தானா ராத்தாவுல இதே மாதிரி கூடாரத்துல விருந்து வைக்கிறாங்க, அங்க குளிருமே ஹீட்டர் எடுக்கணுமான்னு மூணு கேள்வி.

மொத கேள்விக்கு நேரா சொல்லிடறேன், வேணாம்கா. ஏர் கூலர் வேலை செய்றதே தண்ணி ஆவியாகுறதுலதான், காத்து காஞ்சு இருந்தாத்தான் அது ஆவியாகும், குளிரும். நம்ம பினாங்குல ராத்திரி எட்டு மணிக்கு காத்துல ஈரப்பதம் 80, 85 சதவீதம்னு நிக்கும், மழை விட்ட கையோடன்னா இன்னும் மேல போகும், அந்த காத்துல இனி எங்க தண்ணி ஏறும்? டில்லி பக்கம் வெயில் காலத்துல நல்லா ஓடுற மெஷின் இங்க வெறும் ஈரக்காத்துதான் ஊதும். அதையும் நாலு பக்கம் மூடின கெனோப்பிக்குள்ள வெச்சா அந்த ஈரம் வெளிய போக வழியே இல்ல, இட்லி சட்டி மாதிரி ஆயிடும். பட்டுப்புடவை கட்டுனவங்க அரை மணி நேரத்துல எழுந்து வெளிய போய் நின்னுக்குவாங்க, பொண்ணோட மேக்கப்ப பத்தி நான் சொல்லவே வேணாம்.

இன்னொன்னு நிறைய பேர் கணக்குல எடுக்கிறதே இல்ல. சும்மா உக்காந்திருக்கிற ஒரு ஆள் உடம்புல இருந்து 100 வாட் கிட்ட சூடு வெளிய வருது, சாப்பிடறப்போ கொஞ்சம் கூட. 200 பேர்னா 20 கிலோவாட், அதாவது 2 கிலோவாட் ஹீட்டர் பத்த போட்டு விட்ட மாதிரி சூட்ட நீங்களே அழைப்பிதழ் குடுத்து உள்ள கூப்பிடறீங்க. இதுல பஃபே சட்டிக்கு அடியில எரியிற நெருப்பு, ஸ்டேஜ் லைட்டு எல்லாம் இன்னும் சேரல.

அதனால நம்ம ஊர்ல ரெண்டே வழிதான். ஒன்னு, நல்லா திறந்து விட்டு காத்த ஓட விடறது. இல்லன்னா முழுசா அடைச்சு நெசமான ஏர்கோன் போடறது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதான் காசுக்கு கேடு.

உங்க விசேஷம் ராத்திரிங்கறதால நான் திறந்ததுக்குத்தான் ஓட்டு போடுவேன். ஏழு மணி வாக்குல சூரியன் இறங்கிடுது, கூரைல இருந்து வர்ற அனலும் கொஞ்ச நேரத்துல போயிடும் (பகல் விருந்துன்னா கதையே வேற, அந்த பிவிசி துணி மத்தியான வெயில்ல காஞ்சு தலைக்கு மேல அனல் அடிக்கும்). பெரிய இண்டஸ்ட்ரியல் ஃபேன் எடுங்க, ஆனா எல்லாத்தையும் நடுவ பாத்து திருப்பி வைக்காதீங்க, அப்படி வெச்சா ஒரே காத்துதான் உள்ளயே சுத்தும். ஒரு பக்கம் வெளிக்காத்த உள்ள தள்ளணும், எதிர்ப்பக்கம் உள்ள சூட்ட வெளிய தள்ளணும். சூடு மேலதான் தேங்கும், அதனால உள்ள அலங்காரத்துக்கு ஸ்காலப் துணி (அலை அலையா தொங்க விடற துணி) கட்டறப்போ உச்சியையும் ஓரத்தையும் இறுக்கி அடைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, அழகுக்காக தாழ்வா கட்டுன துணி சூட்ட தலைக்கு கிட்ட கொண்டாந்து விட்டுடும். மிஸ்ட் ஃபேன் (தண்ணிய பனி மாதிரி தெளிக்கிற ஃபேன்) வேணும்னா வெளி ஓரமா, பிள்ளைங்க விளையாடற இடத்துல ஒன்னு ரெண்டு வெச்சிக்கலாம், சாப்பாட்டு மேசை பக்கம் வேணாம்.

இல்ல, ஏர்கோன்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா கணக்கு இப்படி. 1 எச்பி ஏர்கோன் சுமாரா மணிக்கு 9000 பிடியு, அதாவது 2.6 கிலோவாட் சூட்ட எடுக்கும். அப்ப ஆளுங்க சூட்டுக்கு மட்டுமே 8 எச்பி போயிடும், மெல்லிசு துணி வழியா உள்ள வர்றது, பஃபே, ஆளுங்க போக வர கதவு திறக்கறது எல்லாம் சேத்தா அதுக்கு பல மடங்கு வேணும். அதனாலதான் இந்த வேலைக்கு ஆளுயரத்துக்கு மேல நிக்கிற பெரிய யூனிட்ட லோரில கொண்டாந்து இறக்குறாங்க. சாதா பிரமிட் கெனோப்பில அது எடுபடாது, அலுமினியம் ஃப்ரேம் போட்ட மார்க்கீ (பெரிய கூடாரம்) தான் வேணும், இடைவெளி இல்லாம மூடணும், ஆளுங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஓட விடணும்.

கரண்ட பத்தி ஒரு வார்த்தை. வீட்ல உள்ள 13 ஆம்ப் பிளக் ஒன்னு தாங்குறது 3000 வாட் சொச்சம்தான், அதுல எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன் போட்டு ஃபேன், லைட்டு, டிஜே எல்லாத்தையும் மாட்டுனா கேக் வெட்டற நேரத்துலதான் டிரிப் ஆகும். ஜென்செட் (ஜெனரேட்டர்) எடுங்க, அதுல 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க, ஈரப்புல்லு மேல வயர் ஓடப் போகுது. ஜென்செட்டோட புகை கூடாரத்துக்குள்ள வராத பக்கமா தள்ளி வைக்கணும்.

இப்ப மழை. அக்டோபர்ல மழை வந்தா என்னன்னு கேக்கறீங்க, பினாங்குக்கு செப்டம்பர் அக்டோபர்தான் மழை அதிகமா கொட்டற மாசம், அதனால வரும்னே வெச்சு பிளான் பண்ணுங்க. 20க்கு 20 அடி கெனோப்பில பத்து பேர் வட்ட மேசை நாலு போடலாம், ஆக 200 பேருக்கு அஞ்சு, பஃபேக்கு ஒன்னு, ஸ்டேஜுக்கு ஒன்னு, மொத்தம் ஏழு, முடிஞ்சா எட்டாவதா ஒன்ன நடைக்கு வெச்சுக்குங்க. பிரச்சனை கெனோப்பிக்குள்ள இல்ல, ரெண்டு கெனோப்பி ஒட்டுற இடத்துலதான். ஒரு இன்ச் மழைக்கு ஒரு கெனோப்பி மேல விழற தண்ணி 940 லிட்டர் கிட்ட, ரெண்டும் சேர்ற அந்த ஒரு வரிசைல மட்டும் அதுல பாதி வந்து இறங்கும். அங்க கட்டுற காட்டர் (மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) தொங்காம, ஒரு பக்கமா சரிவா இருக்கணும், கடைசில தண்ணி விழற இடம் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகணும், பஃபே வரிசைக்கு பின்னாடி போய் கொட்டக்கூடாது. கட்டி முடிச்சதும் ஒரு வாளி தண்ணிய காட்டர்ல ஊத்தி பாக்க சொல்லுங்க, முகம் சுளிப்பாங்க, பரவால்ல. காட்டருக்கு நேர் கீழ மேசை போடவே வேணாம், அந்த வரிசைய நடைபாதையா விட்டுடுங்க.

பக்கத்துணி வேணும், ஆனா சுருட்டி மேல கட்டி வெச்சிருக்கணும், சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் இறக்கி, விட்டதும் தூக்கிடணும், அதுக்குன்னு ரெண்டு தம்பிங்கள முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருப்பாங்க. முதல் நாளே கெனோப்பி கட்டறாங்கன்னா விடியக்காலைல வர்ற சுமாத்ரா காத்த (திடீர்னு மழையோட அடிக்கிற பலத்த காத்த) நெனச்சுக்குங்க, நம்ம மேற்குக் கரைக்கு அது புதுசு இல்ல. புல்லுல ஆணி அடிச்சா மழைல மண்ணு இளகி ஆணி கழண்டுக்கும், அதனால நீளமான ஆணியோட கால்ல எடையும் கட்டணும், தார் ரோட்டு மேல நிக்கிற கால்களுக்கு எடை மட்டும்தான் வழி. தண்ணி நிரப்புன டிரம், கான்கிரீட் கட்டை ரெண்டுமே நல்லது, செங்கல்லு நாலு அடுக்கி வெச்சிட்டு போனா ஒத்துக்காதீங்க.

பாடாங் மெஜ்லிஸோடது, அதனால அந்த மெஜ்லிஸான எம்பிபிபில (பினாங்கு தீவு மாநகர் மன்றம்) பெர்மிட் வாங்கணும். ரோட்ட ஒரு பக்கம் அடைக்கிறதா இருந்தா போலீஸுக்கும் சொல்லணும், பொம்பா (தீயணைப்பு) வண்டி நுழையிற அகலத்த விட்டு வைக்கணும். பக்கத்து வீடுகளுக்கும் நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, டிஜே சத்தத்துக்கு கம்ப்ளெயிண்ட் வர்றது பாதி குறைஞ்சிடும்.

கடைசியா தானா ராத்தா. 1400 மீட்டருக்கு மேல உள்ள ஊரு, ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும், பாட்டிமாருக்கு குளிரும்தான், ஆனா இங்க நமக்கு எதிரியா இருந்த அந்த 100 வாட் கணக்கு அங்க நம்ம பக்கம் வந்துடும். காத்து வர்ற பக்கத்தையும் ரெண்டு ஓரத்தையும் அடைச்சு ஒரு பக்கம் மட்டும் திறந்து விட்டு, புல்லு நனையறதுக்கு முன்னாடியே தரைக்கு பலகையோ கனமான விரிப்போ போட்டுட்டாலே பெரும்பாலும் போதும், குளிரு மேல இருந்து மட்டும் இல்ல, ஈரத்தரைல இருந்து கால் வழியாவும் ஏறும். அதுக்கு மேல வேணும்னா குளிர் நாடுகள்ல செய்யற மாதிரி, அடுப்பு கூடாரத்துக்கு வெளிய நிக்கும், சுத்தமான சூட்டுக்காத்த மட்டும் பெரிய குழாய் வழியா உள்ள ஊதும், அந்த வகை ஹீட்டர் கிடைக்குமான்னு சம்பந்தி வீட்ல கேட்டு பாருங்க. கேஸ்ல எரியிற குடை ஹீட்டர் திறந்த பக்கத்துல மட்டும், துணிக்கு எட்டாத தூரத்துல. கரி அடுப்ப மட்டும் மூடின கூடாரத்துக்குள்ள கொண்டு போகவே கூடாது, யாராவது சாத்தே சுட்ட தணல்தானே குளிருக்கு இதமா இருக்கும்னு உள்ள இழுத்து வெச்சாலும் சரி, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, தலை சுத்துதுன்னு உணர்றதுக்குள்ள ஆள சாய்ச்சிடும்.

இங்க உங்க கெனோப்பிக்காரர்கிட்ட டெபோசிட் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆறு ஏர் கூலர எடுத்துட்டு அந்த காசுக்கு எத்தனை இண்டஸ்ட்ரியல் ஃபேன் தருவீங்கன்னு கேளுங்க. காட்டர், எடை, பக்கத்துணி மூணையும் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.