மழை விடாத நாளும் ‘போரடிக்கிறது’ என்னும் பிள்ளையும்: கேள்வி பதில்

மழையால் வீட்டுக்குள் அடைபட்ட 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளோடு பொழுதை எப்படிக் கழிப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்த வயதினருக்கு நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஒரே கருத்துள்ள கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மழை நாளில் நான் எதைச் சொன்னாலும் “அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் செய்வது” என்று தட்டிக்கழிக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் “போரடிக்கிறது” என்கிறாள். நான் என்னதான் செய்வது ஐயா?

பதில்: அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நாம் எடுத்து வைக்கும் வண்ணக் காகிதமும் பசையும் பெரும்பாலும் 7 வயதுக்கு ஏற்றவை. 11 வயதில் பிள்ளை எதிர்பார்ப்பது எளிதில் கைகூடாத, அளந்தும் சோதித்தும் பார்க்கக்கூடிய, முடிந்தால் பெரியவருக்கே விடை தெரியாத ஒரு வேலை. ஆகவே “இதைச் செய்யலாமா?” என்று கேட்காதீர்கள், கேட்டால் “வேண்டாம்” என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். நீங்களே உட்கார்ந்து தொடங்கிவிடுங்கள்.

காகிதப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடித்த புத்தகங்களை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரே ஒரு தாளை அவற்றின் மேல் பாலமாகக் கிடத்தி, நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். தட்டையான தாள் ஓரிரு நாணயங்களுக்கே தொய்ந்து விழுந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து, மடிப்புக் கோடுகள் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு ஓடும்படி வைத்தால், நின்றவாக்கில் இருக்கும் மடிப்புகள் வளைவைத் தடுப்பதால், பல மடங்கு சுமையைத் தாங்கும். எத்தனை நாணயம் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டே போங்கள். அவள் எட்டிப் பார்த்து “மடிப்பு இன்னும் குறுகலாக இருக்க வேண்டும்” என்று சொல்லும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சொன்ன பிறகு தாளை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு. கடையில் விற்கும் சோதனைப் பெட்டிகள் இல்லாமல், பெய்துகொண்டிருக்கும் மழையை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மழைத்துளியின் அளவை அளக்கச் சொல்லுங்கள். பனித்துகள்களைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி, மழைத்துளிகளை மாவில் விழவைத்து அளந்த முறையை 1904-இல் வெளியிட்டார். அந்தச் சோதனையை நூறாண்டு கடந்தும் சமையலறைப் பொருள்களைக் கொண்டே செய்யலாம்.

அகன்ற தட்டில் சலித்த மாவை 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு மூடியால் மூடி வெளியே நீட்டுங்கள். மூடியை அகற்றி, இரண்டு மூன்று நொடிகளில் மீண்டும் மூடிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் தட்டில் துளிகள் இருக்காது, பிசைந்த மாவுதான் இருக்கும். முதல் முறை எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். விழுந்த ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றி மாவை இழுத்து ஓர் உருண்டையாகியிருக்கும். சில மணி நேரம் உலரவிட்டு மெல்லச் சலித்தால், உருண்டைகள் சல்லடையில் தங்கும். அவற்றை அளவுகோலின் மேல் வரிசையாக வைத்து மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்க வேண்டும்.

இப்போது பையனிடம் கேளுங்கள்: மாவுருண்டையின் அளவும் துளியின் அளவும் ஒன்றுதானா? இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. மருந்து சொட்டும் குழாயால் 1 மி.லி. நீரைச் சொட்டவிட்டு எத்தனை சொட்டு என்று எண்ணட்டும். 20 சொட்டு என்றால் ஒரு சொட்டின் கனஅளவு 50 கன மில்லிமீட்டர். அதன் விட்டம் ஏறத்தாழ 4.6 மி.மீ. அதே சொட்டை மாவில் விழவிட்டு உருண்டையை அளந்தால், எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கணக்கிட வேண்டும் என்பது தெரிந்துவிடும். தூறல் துளிகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை. 5 அல்லது 6 மில்லிமீட்டரைத் தாண்டிய துளி விழும்போதே உடைந்து சிதறிவிடும். தூறும்போது ஒரு தட்டு, வலுக்கும்போது ஒரு தட்டு என்று எடுத்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மாலைவரை நீளும்.

இன்னொன்று. படங்களில் வரைவதுபோல் மழைத்துளிக்குக் கூர்மையான தலை கிடையாது. சிறு துளி உருண்டையாகவும், பெரிய துளி காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகியும் விழுகிறது. இதைச் சொன்னபோது நம்ப மறுத்து என்னோடு ஒரு வாரம் வாதாடிய மாணவன் ஒருவன் இருந்தான். வாதாடியதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கேள்வி: ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு செயல்பாடு என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். அது உதவுமா?

பதில்: உதவாது. பள்ளி இல்லாத நாளில் பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவந்ததாகவே முடியும். இரண்டு யோசனைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பேரனுடன் விளையாடும்போது அவன் மனம் நோகக் கூடாதென்று வேண்டுமென்றே தோற்கிறேன். அண்மையில் அதைக் கண்டுபிடித்துவிட்டுக் கோபித்துக்கொண்டான். இனி ஜெயித்தாலும் கோபிப்பானோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: 6 வயதில் செல்லுபடியான தோல்வி 11 வயதில் அவமதிப்பாகத் தெரிகிறது. விட்டுக்கொடுப்பதைவிட, உங்கள் அனுபவம் செல்லுபடியாகாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மேல். இருவரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளும் ஆட்டம் என்றால் வயது ஒரு பொருட்டே அல்ல.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் என்னும் இரு கணித அறிஞர்கள் உருவாக்கிய ஆட்டம் ஒன்று உண்டு. தமிழில் ‘முளைகள்’ என்று சொல்லலாம். தாளில் 3 புள்ளிகள் வையுங்கள். தம் முறை வரும்போது ஒருவர் இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் இடையில் ஒரு புதுப் புள்ளியை வைக்க வேண்டும். கோடு எப்படி வேண்டுமானாலும் வளையலாம், தொடங்கிய புள்ளிக்கே திரும்பலாம்; ஆனால் வேறு எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது, எந்தப் புள்ளியிலும் மூன்றுக்கு மேல் கோடுகள் சேரக் கூடாது. இணைக்க வழியில்லாமல் நிற்பவர் தோற்றவர். 3 புள்ளிகளில் தொடங்கினால் ஆட்டம் குறைந்தது 6 நகர்வுகளும் அதிகபட்சம் 8 நகர்வுகளும் நீளும் என்பதால், தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். எளிதாகிவிட்டால் ஒரு புள்ளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை என்றால் மகன் கைபேசியை விடுவதே இல்லை. பிடுங்கி வைத்தால் வீடு போர்க்களமாகிறது.

பதில்: பிடுங்காதீர்கள், அதே கைபேசியால் ஒரு வேலை கொடுங்கள். அசையாப் பொருள்களை அசைய வைக்கும் சிறு படம் ஒன்றை இருவரும் சேர்ந்து எடுக்கலாம். பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், இன்னும் சிறிது நகர்த்தி இன்னொரு படம். நொடிக்கு 12 படங்கள் என்று வைத்தால், 20 நொடிக்கு 240 படங்கள் வேண்டும். இந்தக் கணக்கை முதலிலேயே அவனைப் போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடக் காவியம் எடுக்கப் போகிறேன் என்ற எண்ணம் தானே சுருங்கிவிடும்.

பலரும் தவறுவது வெளிச்சத்தில். மேகம் நகர நகர ஜன்னல் வெளிச்சம் மாறுவதால், படம் ஓடும்போது விட்டுவிட்டு மின்னும். திரைச்சீலையை மூடி, ஒரே மேசை விளக்கின் ஒளியில் எடுக்க வேண்டும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் புத்தகங்களுக்கு நடுவே அசையாதபடி நிறுத்த வேண்டும். பொருளை நகர்த்துபவர் நீங்களாகவும் இயக்குநர் அவனாகவும் இருப்பது நல்லது. “அம்மா, கை தெரிகிறது” என்று அதட்டும் உரிமை அவனுக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது.

கேள்வி: எனக்குப் பார்வை மங்கல், தரையில் உட்காரவும் முடியாது. பேத்தியோடு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: பார்வை தேவைப்படாத கலை ஒன்று இருக்கிறது: ஒலி நாடகம். பத்து நிமிடக் கதை ஒன்றை நீங்கள் சொல்ல, அதற்கான ஒலிகளை அவள் உண்டாக்கிப் பதிவு செய்யட்டும். மொடமொடப்பான காகிதத்தை ஒலிவாங்கிக்கு அருகில் மெல்லக் கசக்கினால் நெருப்பு எரியும் ஓசை வரும். தோல் கையுறைகளைப் படபடவென்று உதறினால் பறவை சிறகடிக்கும். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை மேசையில் மாற்றி மாற்றித் தட்டினால் குதிரை ஓடும். விந்தை என்னவென்றால், வெளியே பெய்யும் உண்மையான மழையைப் பதிவு செய்தால் பெரும்பாலும் வெறும் இரைச்சலாகவே கேட்கும். தட்டில் உலர்ந்த தானியத்தை மெதுவாகச் சரித்தால்தான் மழைபோல் இருக்கும். எது மெய்யாகக் கேட்கிறது என்று கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: வீட்டில் 12 வயதும் 6 வயதுமாக இருவர். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிப்பதில்லை.

பதில்: பெரியவளைப் புதையல் வேட்டையின் ஆசிரியை ஆக்குங்கள், சின்னவன் தேடட்டும். புதையலிலிருந்து பின்னோக்கித் துப்புகளை எழுத வேண்டும் என்பதையும், படிக்கத் தடுமாறும் தம்பிக்குப் படத்துப்பு வரைய வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் மகள் நாட்குறிப்பை யாரும் படிக்கக் கூடாதென்று மறைத்து மறைத்து வைக்கிறாள். மழைக்கு இங்கே வந்து தங்கியிருக்கிறாள். ரகசிய எழுத்து ஏதாவது சொல்லித்தர முடியுமா?

பதில்: நம் எழுத்து முறை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக 3 இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார். தமிழில் 247 எழுத்துகளையும் தள்ள வேண்டியதில்லை. உயிரெழுத்துகளையும், கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளையும் அப்படியே விட்டுவிட்டு, 18 மெய்களை மட்டும் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசையில் 3 இடம் தள்ளினால் போதும். ‘ம’ என்பது ‘ல’ ஆகும், ‘ழ’ என்பது ‘ன’ ஆகும்; ஆகவே ‘மழை’ என்பது ‘லனை’ ஆகிவிடும். ‘ன’வுக்குப் பின் வரிசை மீண்டும் ‘க’விலிருந்து தொடங்கும்.

எழுதுவதைவிட உடைப்பதில்தான் சுவை. எத்தனை இடம் தள்ளியது என்பதைச் சொல்லாமல் ஒரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். அதிகம் வரும் எழுத்துகளை எண்ணிப் பார்த்து மறைமொழியை உடைக்கும் வழியை 9-ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்தார். தமிழில் அதைவிடக் குறுக்கு வழியும் உண்டு. ‘ந்’ என்ற எழுத்துக்குப் பின் ஏறக்குறைய எப்போதும் தகர வரிசைதான் வரும்: வந்தது, இந்த, பந்து. 3 இடம் தள்ளிய எழுத்தில் இந்த ‘ந்த’ எல்லாம் ‘ய்ம’ என்று மாறி நிற்கும். தமிழில் அரிதான ஓர் இணை திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவளே கண்டுபிடித்து, ‘ந்த’ வராத சொற்களாகத் தேடி எழுதத் தொடங்கும்வரை காத்திருங்கள். நாட்குறிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைத்துப் படிக்கக் கூடாது.

கேள்வி: இடி இடித்தால் மகன் பயப்படுகிறான், பயத்தைக் காட்டிக்கொள்ளவும் வெட்கப்படுகிறான். மின்சாரமும் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: நொடிகளை எண்ணும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான ஒவ்வொரு 3 நொடியும் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவு. எண்ணிக்கைகளை வரிசையாக எழுதினால் புயல் நெருங்குகிறதா விலகுகிறதா என்று அவனே அறிவிக்கலாம். ஜன்னலை ஒட்டி நிற்க வேண்டாம். நான் மேலே சொன்ன மாவுச் சோதனையையும் இடி கேட்கும்போது செய்யக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே போகலாம்.

கேள்வி: தாத்தா, எனக்கு 12 வயது. என் அப்பாவை ஒரு விளையாட்டிலாவது ஒவ்வொரு முறையும் ஜெயிக்க வேண்டும். வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, கண்ணு. 21 தீக்குச்சிகளை மேசையில் பரப்பிவை. ஒருவர் மாற்றி ஒருவர் ஒன்று, இரண்டு அல்லது மூன்று குச்சிகளை எடுக்க வேண்டும். கடைசிக் குச்சியை எடுப்பவர் ஜெயித்தார். முதல் ஆட்டத்தை நீ தொடங்கு. ஒரே ஒரு குச்சியை மட்டும் எடு. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அப்பா எடுத்ததும் நீ எடுப்பதும் சேர்ந்து ‘யாச்ஞு’ ஆக வேண்டும். அது எந்த எண் என்பதை மேலே சொன்ன 3 இடக் கணக்கை வைத்து நீயே உடைத்துக்கொள். அப்பா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டால் நான் பொறுப்பல்ல.