பேருந்தை மோட்டார்ஹோமாக (உள்ளேயே தங்கும் வண்டி வீடாக) மாற்றும்போது, முன்னால் இருக்கும், எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட் பேட்டரிகளைப் பின்னால் எஞ்சின் அருகே கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் எஞ்சின் அருகே வைப்பது வேறு, எஞ்சின் அறைக்குள் வைப்பது வேறு. அறையின் தடுப்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம், கடைசி லக்கேஜ் டிக்கியில் வையுங்கள். கேபிள் எப்படியும் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

உங்கள் வண்டி 40 அடி பழைய அமெரிக்கக் கோச் (நெடுந்தூரப் பேருந்து), 24 வோல்ட், பின்னால் டெட்ராய்ட் டீசல் 8வி71 என்ற எஞ்சின், முன்னால் 8டி எனப்படும் பெரிய அளவு பேட்டரி இரண்டு. செல்ஃப் அடித்தால் எஞ்சின் மந்தமாகச் சுற்றுகிறது. 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 0.27 மில்லி ஓம். போக 10, வர 10 என 20 மீட்டருக்கு 5.4 மில்லி ஓம். 600 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அதே கேபிள் மொத்தம் 3 மீட்டர் என்றால் இழப்பு அரை வோல்ட்தான். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வேகமாகச் சுற்றினால்தான் பிடிக்கும், அதுவும் குளிரில்.

இருந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வோல்ட் மீட்டரை எடுங்கள். எஞ்சின் பிடிக்காதபடி டீசலை நிறுத்திவிட்டு (எமர்ஜென்சி காற்றுத் தடுப்பை மூடி அல்ல, எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் புளோயரின் சீல் கெடும்), ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் முனையில், கிளாம்ப் மேல் அல்ல, ஈயத்தின் மேலேயே. இன்னொன்று செல்ஃப் மோட்டாரின் ஸ்டட்டில். அடுத்து மைனஸ் முனைக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே. இரண்டும் சேர்ந்து 1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இழப்பு பெரும்பாலும் எர்த் (மைனஸ்) பக்கம்தான் என்றால், துருவைச் சுரண்டிப் புது எர்த் கேபிள் போட்டாலே வேலை முடிந்துவிடலாம்.

நகர்த்துவது என்றே முடிவானால், முதல் எதிரி சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். எம்.சி.ஐ. நிறுவனத்தின் எம்.சி.-8, எம்.சி.-9 போன்ற கோச்களில் ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று எஞ்சின் அறைக்குள்ளேதான் தள்ளப்படுகிறது. அங்கே பேட்டரி வைப்பது காசைக் கரைப்பது. எக்ஸாஸ்ட் போகும் பக்கத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால் 25 மி.மீ. இடைவெளி விட்டு அலுமினியத் தகடு அடியுங்கள். வண்டிக்குள் வீட்டுச் சாதனங்களை ஓட்டும் லித்தியம் பேட்டரியை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பெட்டியின் கூரையை ஒட்டி வெளிப்புறமாகக் காற்றுத் துளை வேண்டும், ஹைட்ரஜன் மேலே ஏறும். துளை படுக்கையறைக்குள் திறக்கக்கூடாது. ரிலே, கட்-ஆஃப் சுவிட்ச் போன்ற பொறி பறக்கும் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம்.

8டி ஒன்றே 60 கிலோ வரும், தனியாளாக இழுத்தால் இடுப்பு போகும். அதைவிடச் சிறிய குரூப் 31 அளவு பேட்டரிகள் நான்கை, இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து இணையாகச் சேர்த்தால் ஒருவரே மாற்றலாம். பிளஸை ஒரு ஜோடியிலும் மைனஸை மறு ஜோடியிலும் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஜோடி மட்டும் தேயும். 12 வோல்ட் விளக்குகளுக்கு, தொடரில் கோத்த இரண்டு பேட்டரிகளின் நடுவிலிருந்து நேரடியாக எடுக்காமல் ஈக்வலைசர் (இரண்டையும் சமநிலையில் வைக்கும் கருவி) போடுங்கள்.

கேபிளில் பலர் சறுக்குவது வெல்டிங் கேபிளில். வளைப்பது சுலபம், ஆனால் அதன் இ.பி.டி.எம். ரப்பர் டீசலும் எஞ்சின் ஆயிலும் பட்டால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். 125 டிகிரி தாங்கும் எஸ்.ஜி.எக்ஸ். எனப்படும் பேட்டரி கேபிள் ரகம் வாங்குங்கள். தடுப்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையில் மாட்டும் வளையம்), 45 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப். எர்த் கேபிளைப் பாடியில் அல்ல, எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், அங்கிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு பின்னல் பட்டை போக வேண்டும்.

பழைய நீளக் கேபிளைக் கழற்ற வேண்டாம், முன்பக்க டேஷ்போர்டுக்குச் சப்ளை கொண்டுபோக உதவும். ஆனால் இதுவரை ஃபியூஸ் இல்லாமல் கிடந்த கேபிள் அது. இனி மின்சாரம் பின்னாலிருந்து புறப்படுவதால், பேட்டரியை ஒட்டியே 150 ஆம்பியர் ஏ.என்.எல். ரக (போல்ட் போட்டு மாட்டும்) ஃபியூஸ் கட்டாயம். இதை விட்டால், வழியில் எங்காவது உரசினால் 10 மீட்டரும் எரியும்.

அடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். முன்பு நீளக் கேபிளில் கொஞ்சம் வோல்ட் குறைந்துதான் பேட்டரிக்குப் போனது. இப்போது முழுதாகப் போகும், இடமும் சூடு. பேட்டரித் தண்ணீர் வற்றத் தொடங்கும். ரெகுலேட்டர் வோல்ட்டை அளக்கும் சென்ஸ் வயரைப் புதிய இடத்துக்கு மாற்றி, 10 டிகிரி கூடினால் அரை வோல்ட் குறைவு என்ற கணக்கில் அமையுங்கள். எஞ்சின் ஓடும்போது கட்-ஆஃப் சுவிட்சைத் தொடவே கூடாது, டயோடு போய்விடும்.

எடையும் மாறும். முன் அச்சின் மேலிருந்த 120 கிலோவை, 7 மீட்டர் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) உள்ள இரண்டு அச்சு வண்டியில் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வைத்தால், முன்னால் சுமார் 154 கிலோ குறையும், பின்னால் அதே அளவு ஏறும். வாட்டர் டேங்க் நிரப்பி, அச்சு வாரியாக எடை போட்டு, டயர் காற்றை அதற்கேற்ப வையுங்கள்.