30 நாள் அறிவிப்பும் 40 நாள் கடலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நீரோடிக்காரன். இப்போது திருவனந்தபுரத்தில் வேலை. எங்கள் ஊர் முடிகிற இடத்தில் பொழியூர், அதாவது கேரளம். அப்பாவுக்கு ஆயிரங்கால் தூண்டில் தொழில், அதாவது நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி ஆழ்கடலில் மீன் பிடிப்பது. கொச்சியிலிருந்து கடலுக்குப் போனால் திரும்பி வர 40 நாள்கூட ஆகும். கன்னியாகுமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு தேடக் கடலை ஏலம் விட்டிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தாலும் அது வெறும் சடங்கு, போகாமல் இருப்பதே மானம் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது முழு உண்மை. கேட்கிற மாதிரி அந்த ஏற்பாடே இல்லை. 2016-இல் வந்த கொள்கைப்படி, தனக்கு வேண்டிய பரப்பை நிறுவனமே வரைபடத்தில் குறித்துக் கொடுக்கலாம். அரசு அதை ஏலத்துக்கு விடும். நம் கடலில் 2024-இல் ஏலத்துக்கு வந்த மூன்று பிளாக்குகளும் சேர்ந்து சுமார் 27,000 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டமே 1,700-க்குள்தான். இத்தனை பெரிய கடலுக்குக் கோடு போடும்போது அதில் தொழில் செய்கிறவனைக் கேட்க வேண்டும் என்று எந்தப் படியிலும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து 2020. அந்த ஆண்டு ஜனவரி 16-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. கிணறு போட்டு, எண்ணெய் கண்டு, கோடிகளைக் கொட்டிய பிறகு, உற்பத்திக்குப் போகும்போதுதான் கூட்டம் என்ற பேச்சே வரும். அதற்குள் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய காலம் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன், எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. 1976-இல், கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க் என்ற கடற்பகுதி பற்றி இந்தியாவும் இலங்கையும் கடிதம் மாற்றிக்கொண்டன. இலங்கைப் படகுகள் இன்னும் மூன்று ஆண்டுகள் அங்கே மீன் பிடிக்கலாம். அந்தக் காலத்துக்குள் இந்தியா எண்ணெய் தேட முடிவெடுத்தால், எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று இலங்கை அரசுக்குத் தெரிவிக்கும். அன்று முதல் அந்த இடத்தில் அவர்கள் மீன்பிடிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் வேலை வந்தால் மீன்பிடிப்பு விலக வேண்டியிருக்கும் என்பது அப்போதே அரசுகளுக்குத் தெரிந்திருக்கிறது. இடத்தையும் தேதியையும் முறையாகச் சொல்லும் மரியாதையை அடுத்த நாட்டுக்குக் கொடுத்தார்கள். சொந்த நாட்டு நீரோடிக்கும் வள்ளவிளைக்கும் தூத்தூருக்கும் அது இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். போகாமல் இருக்காதீர்கள். நான் மேலே சொன்ன சுற்றுச்சூழல் அறிவிக்கை 2006-இல் வந்தது. அதில் ஒரு வரி இருக்கிறது: கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரம்பு எதுவும் இல்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. வெளியே நீங்கள் காட்டும் கோபம் கூட்டக் குறிப்பு எழுதும் காகிதத்தில் ஏறாது.

காகிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேறொரு திட்டத்துக்கான கூட்டம் அது. எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்தார். மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துக் கணியம் பார்த்து, எந்தப் பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) எங்கே கிடக்கிறது, எந்த மாதம் எந்த மீன் அங்கே அடையும் என்று கால் மணி நேரம் பேசினார். பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் கோடு இழுத்துக் காட்டினார். முடிவில் குறிப்பை வாசித்தார்கள்: 'மீனவர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்.' அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எழுந்து, தாத்தா சொன்ன பார்களின் பெயர்களைத் தன் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து, "இதை எழுதாம நீங்க கையெழுத்துப் போடக்கூடாது சார்" என்றாள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் எழுதினார்கள். குறிப்பைக் கூடியிருப்பவர்களுக்கு அன்றைக்கே வாசித்துக்காட்டி விளக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இருப்பாரா? சட்டம் கேட்பது குறைந்தது 30 நாள் அறிவிப்பு, அதுவும் நாளிதழில். உங்கள் அப்பா போகிற ஒரு டிரிப்பே 40 நாள் வரைக்கும் இழுக்கிறது. அவர் கிளம்பிய மறுநாள் அறிவிப்பு வந்தால், திரும்பி வரும்போது கூட்டமே முடிந்திருக்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் நாம் எத்தனை பேரை இழந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கேட்க வேண்டியது இதுதான்: படகுகள் கரையில் இருக்கும் தடைக்காலத்தில் கூட்டம் வையுங்கள், அறிவிப்பை ஞாயிறு பூசை முடிந்து கோயிலில் வாசியுங்கள், இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை எட்டு ஊரிலும்.

நாள் கணக்கு அற்ப விஷயம் இல்லை. அமெரிக்காவில் பொது நிலத்தை எண்ணெய்க்குக் குத்தகை விடும் முன்பே பட்டியல் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். ஆட்சேபம் சொல்ல இருந்த 30 நாளை 2018-இல் 10 நாளாகச் சுருக்கினார்கள். ஒரு காட்டுப்பறவையின் வாழிடத்துக்காகச் சிலர் ஐடஹோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். மக்களுக்குப் பேச வாய்ப்புத் தராமல் விட்ட குத்தகைகளை 2020-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. நம் ஊரிலும் நடக்காமல் இல்லை. கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-இல் பத்மநாபபுரத்தில் வைக்கவிருந்த கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

அப்பா அடுத்த முறை கரைக்கு வந்ததும் ஒரு நாள் அவரோடு உட்காருங்கள். படகின் ஜிபிஎஸ்ஸில் அவர் போட்டு வைத்திருக்கும் இடங்கள், அவற்றுக்கு அவர் சொல்லும் பெயர்கள், எந்த மாதம் என்ன மீன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரில் இன்னும் நான்கைந்து பேரிடம் கேட்டுச் சேருங்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் மனுவாக எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்