பத்து வயது மகனை மான் வேட்டைக்கு அனுப்பலாமா?

"அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது. அவனுடைய நண்பனின் அப்பா மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். அனுப்பலாமா? பிள்ளை மனசு கெட்டுப்போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம் என்று சொல்ல மாட்டேன். கூட்டிக்கொண்டு போகலாம் என்பேன். இரண்டும் ஒன்றில்லை என்பதை நான் கொஞ்சம் அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. இன்றுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. கறி சாப்பிடுகிறவன், அவ்வளவுதான். "உயிரைக் கொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா?" என்று கீழே வரப்போகிறவர்கள், நேற்று ராத்திரி தட்டில் என்ன இருந்தது என்று யோசித்துவிட்டு வாருங்கள். சைவம் என்றால் தாராளமாகத் திட்டலாம். என் மனைவியும் சைவம்தான், அவள் திட்டியதற்கு மேல் நீங்கள் ஒன்றும் திட்டிவிட முடியாது. "நம்ம ஊரில் மானைச் சுட்டால் ஜெயில்" என்பவர்களுக்கு: தெரியும். அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நாங்கள் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் கதை வேறு. நவம்பர் கடைசியில் வருகிற நன்றி தெரிவிக்கும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். ஐந்து லட்சம் பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்குகிறார்கள். அப்படியும் மான் குறைந்தபாடில்லை. என் காரின் முன்பக்கத்தை ஒரு மான் நசுக்கிவிட்டுப் போன கதை தனி.

என் மகளுக்கு அப்போது பதினொன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், தன் பேரன்களைக் கூட்டிப்போவதைப் பார்த்து இவளும் கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். வயது போதாது என்று சட்டத்தைக் காட்டிவிடலாம் என்று நினைத்தால், இங்கே 2017-லிருந்து குறைந்தபட்ச வயதே கிடையாதாம். பயிற்சி வகுப்பு முடிக்காத பிள்ளை என்றால், தகுதியுள்ள பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தை விட்டு நகரக் கூடாது, அதுதான் நிபந்தனை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே பெரியவர் வழிகாட்டி, நான் சும்மா கூட உட்கார்ந்திருக்கிற ஆள். (நீங்கள் எச்-1பி மாதிரி விசாவில் இருந்தால் இன்னொன்று: அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. "கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், முதலில் வக்கீலைக் கேளுங்கள்.)

கோடை முழுக்கப் பெரியவர் அவளைப் பேப்பர் தட்டில் சுட வைத்தார். முதலில் சின்ன .22 ரகத் துப்பாக்கி, அப்புறம் அதைவிடப் பெரிய .243. தோளில் அதிகம் உதைக்காது என்பதால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம், அந்த ஒரு தட்டளவு இடம்தான். அது தெரியாவிட்டால் விரல் விசைக்குப் போகக் கூடாது. நான் போய் நின்று பார்த்தது இரண்டே தடவை. மற்ற நாட்களில் எனக்கு வேலை இருந்தது. இருந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை விடியுமுன்பே பரண் ஏறிவிட்டோம். மரப்பலகையில் அடித்த பெட்டி, மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். மற்ற வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க நாங்கள் இருவரும் ஆரஞ்சுச் சட்டை, மகள் பளீரென்ற பிங்க். 2016-லிருந்து அதுவும் இங்கே செல்லும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் சுடலாம் என்பது கணக்கு, ஆனால் எட்டு மணி வரை அணில்தான் வந்தது. அப்புறம் மூன்று பெண் மான்கள். நான் மூச்சுவிடுவதுகூடச் சத்தமாகக் கேட்டது. பெரியவர் அவள் காதில் ஏதோ சொன்னார். துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளுகிற சின்னச் சத்தம், அப்புறம் வெடி. மான் பின்னங்காலை உதறி எகிறி, வாலைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது.

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது என்றார். உடனே துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடுமாம்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு முழங்கால் ஆடியது, குளிரில் இல்லை. என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "அதுக்கு வலிக்குமாப்பா?"

"வலிக்காதுடா கண்ணு. உடனே போயிடும்" என்றேன்.

என்ன கேட்கிறாள் என்று பெரியவர் விசாரித்தார். அவள் தன் கேள்வியையும் என் பதிலையும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவளிடம், "வலிக்கும். கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரம் அதிகமாகிவிடக் கூடாது என்றுதான் உன்னை அத்தனை நாள் தட்டில் சுட வைத்தேன்" என்றார். அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் கேட்டதெல்லாம் அவரிடம்தான்.

இறங்கிப் போனோம். ஓக் இலை ஒன்றில் பொட்டளவு ரத்தம், இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக. அது நுரையீரல் ரத்தம், நல்ல அடையாளம் என்றார். கருஞ்சிவப்பாகப் பச்சைக் கூழோடு இருந்தால் குடலில் பட்டிருக்கிறது, பல மணி நேரம் கழித்துத்தான் தேடணுமாம். அடுத்த சொட்டை அவள் கண்டுபிடித்தாள், அதற்கடுத்ததையும். நான் அந்தத் தடத்தின் மேலேயே பூட்ஸோடு நடந்து திட்டு வாங்கினேன். எண்பது தப்படி இருக்கும். கண் திறந்தபடி கிடந்தது. பெரியவர் பின்பக்கமாகப் போய்க் குச்சியால் கண்ணை மெல்லத் தொட்டார். இமை அசையவில்லை.

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்ய அவர் கத்தியை எடுத்ததும் நான், "நீ வண்டியில போய் உட்காரும்மா" என்றேன். "நான்தானே சுட்டேன்?" என்றாள். சரி என்று நானே வண்டிக்குப் போனேன், ஃபோன் வருகிறது என்று சொல்லிவிட்டு. அந்தக் காட்டில் சிக்னலே கிடையாது, அது மூன்று பேருக்கும் தெரியும். திரும்பி வந்தபோது அவள் பின்னங்காலை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து ஆவி பறந்தது. வேலை முடிந்ததும் மானின் உதட்டைத் தூக்கிக் காட்டி, "அப்பா, மேல முன்பல்லே இல்ல!" என்றாள். மாடு மாதிரியேதான். நான் எதிர்பார்த்த அழுகை அங்கே வரவில்லை. ராத்திரி வந்தது, அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுதாததற்கு அதுதான் காரணம்.

சுட்ட மானுக்கான பதிவையும் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் அவளே செய்தாள். இங்கே 2002-லிருந்து மான்களுக்கு ஒரு மூளை நோய் இருப்பது தெரியும். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனால் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. ஆகவே தலையை ஐந்து அங்குலக் கழுத்தோடு வெட்டிப் பையில் கட்டி, படிவம் எழுதிப் பரிசோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். முடிவு வரும்வரை கறி கராஜ் ஃப்ரீசரில். வீட்டு ஃப்ரீசருக்குள் வரக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

இதற்கு நடுவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு நாள் லீவு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், காரணத்தை உள்ளபடி எழுதினேன். "இது பண்பாட்டுக்கு உகந்த காரணம் அல்ல" என்று பதில் வந்தது. கணக்குப் போட்டிக்கும் நடன அரங்கேற்றத்துக்கும் வாரக்கணக்கில் லீவு கொடுப்பார்கள். ஆண்டு விழாவில் வருகைச் சான்றிதழ் வாங்கியவர்களில் பாதிப் பேர் பார்க்கிங்கில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணுக்குச் சான்றிதழ் இல்லை. ஐந்து வருடம் அங்கே நாற்காலி அடுக்கியவன் நான். "சுகமில்லை" என்று எழுதியிருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த வாரத்தில் சொன்ன ஒரு பொய்யிலேயே மாட்டிக்கொண்டவன் நான், இன்னொன்று வேறா?

சரி, உங்கள் விஷயம். அந்த நண்பனின் அப்பா துப்பாக்கியை எப்படிப் பூட்டி வைக்கிறார் என்று வீட்டுக்கே போய்க் கேளுங்கள். நல்ல வேட்டைக்காரர் கோபப்பட மாட்டார், திறந்து காட்டுவார். மகன் ஏற்கெனவே எவ்வளவு சுட்டுப் பழகியிருக்கிறான் என்று பாருங்கள், போதாது என்றால் இந்த வருடம் வேடிக்கை பார்க்க மட்டும் போகட்டும். உங்கள் மாநிலம் எது என்று எழுதவில்லை, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வலிக்குமா என்று அவனும் கேட்பான். என்ன சொல்வது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், பரணில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

எங்கள் வீட்டில்? நோய் இல்லை என்று முடிவு வந்தது. முதல் துண்டை அவள்தான் சாப்பிட்டாள். அடுத்த வருடமும் போனாள், ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வாலிபால் வந்துவிட்டது. இப்போது பெரியவர் என்னைக் கூப்பிடுகிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரஞ்சுச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே தடித்த ஜாக்கெட் போட வேண்டியிருக்கும். வெடிச் சத்தத்தைத் தடுக்கக் காதுக்கு மஃப் கட்டாயம். பரண் ஏறுமுன் ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள், நீங்களும் போய்விட்டு ஏறுங்கள்.