ஒக்டோபர் மழை எங்கே போனது?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கமக்காரர் அமைப்புச் செயலாளர் நான். ஒக்டோபரில் ஒரு நாள் 60 மில்லிமீற்றர் மழை பெய்தும் ஓடையில் தண்ணீர் வரவில்லை. டிசம்பரில் அதே 60க்கு இரவோடிரவாகக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. எங்கள் நீரேந்து பரப்பை (குளத்துக்கு மழைநீர் வடிந்து வரும் நிலத்தை) பெரிய செலவில்லாமல் நாங்களே அளந்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் மழையை மட்டும் அளந்தால் விடை கிடைக்காது.

ஒரு சதுர கிலோமீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1,000 கன மீற்றர் தண்ணீர். உங்கள் பரப்பு 6 சதுர கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 60 மில்லிமீற்றருக்கு 3,60,000 கன மீற்றர் விழுகிறது. ஒரு பேச்சுக்கு, காய்ந்த மண்ணில் பத்தில் ஒரு பங்கு ஓடினால் குளத்துக்கு வருவது 29 ஏக்கரடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கரடி). நிலம் ஊறிய பிறகு பாதி ஓடினால் 146 ஏக்கரடி. ஒக்டோபர் மழை பெரும்பாலும் பின்னேர இடிமழை. காட்டின் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் தூறலோடு போய்விடும். டிசம்பரில் வங்காள விரிகுடாத் தாழமுக்கம் வந்தால் பரப்பு முழுக்க விடாமல் பெய்யும். ஆகவே குளக்கட்டில் ஒரு மழைமானி போதாது, மேலே இன்னொன்று வையுங்கள். நேர்ச் சுவருள்ள தகரப் பேணியும் அடிமட்டமும் போதும். மரத்தடியில் வைக்காதீர்கள். தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், வானிலை அவதான நிலையத்தின் கணக்கோடு ஒப்பிடலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது மேலே உள்ள குட்டிக் குளங்களை. அவை நிரம்பும் வரை உங்கள் ஓடைக்கு வருவது மிச்சம்தான். எந்தக் குளம் எந்தத் தேதியில் வான் பாய்ந்தது என்று எழுதி வைத்தாலே பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

அப்புறம் ஓட்டம். ஓடை மதகின் சுவரில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். கோடையிலேயே குறுக்கே கயிறு கட்டி, அரை மீற்றருக்கு ஓரிடமாக, கோட்டு மட்டத்திலிருந்து அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்ளுங்கள். வெள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் வந்ததும் நேரான 10 மீற்றர் துண்டில் ஒரு தேசிக்காயைப் போட்டு நேரம் பாருங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், காற்று தள்ளிவிடும். 12.5 செக்கன் எடுத்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.68. அகலம் 4 மீற்றர், சராசரி ஆழம் அரை மீற்றர் என்றால் செக்கனுக்கு 1.36 கன மீற்றர். வெவ்வேறு மட்டங்களில் இப்படி அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், பிறகு கோட்டைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லலாம். ஏறும் வெள்ளமும் வடியும் வெள்ளமும் ஒரே மட்டத்தில் ஒரே அளவு ஓடாது, அதனால் எது என்று குறியுங்கள்.

இரவு வெள்ளத்துக்கு, துளையிட்டு மூடிய பிவிசி குழாயை மதகோடு கட்டி, உள்ளே சோக் பூசிய தடி ஒன்றை நிறுத்துங்கள். சோக் கழுவுப்பட்ட இடம்தான் உச்ச மட்டம்.

கந்தளாய்க் குளத்து மட்டத்தோடு உங்கள் கணக்கை ஒப்பிடவே வேண்டாம். அதற்கு மின்னேரியா பக்கமிருந்து வாய்க்காலிலும் தண்ணீர் வருகிறது. ஊரில் பழைய வெள்ளக் கதை கேட்கும்போதும் கவனம்: 1986 ஏப்ரல் 20 என்பார்கள். அது அந்தக் குளக்கட்டு உடைந்து வந்த வெள்ளம், மழை ஓட்டக் கணக்கில் சேராது.

மாரி முடிந்ததும் அளவைக் கைவிட்டுவிடாதீர்கள். மழையில்லாத பெப்ரவரியில் ஓடையில் ஊறி வருவது நிலத்தடி நீர். அது எத்தனை நாளில் அற்றுப்போகிறது என்று பார்த்துவிட்டுச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுங்கள்.