கொழும்பு ஓட்டத்துக்குப் பழைய 800 சிசி மாருதி வாங்கலாமா? அந்தச் சின்ன எஞ்சின் தாங்குமா?

தாங்கும், வாங்கலாம். ஆனால் மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அதை யார் எப்போது திருப்பி வைத்தார்களோ. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழியை முதலில் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு எமன் சூடுதான்.

என்னிடம் இருப்பது 1995ஆம் ஆண்டு வண்டி. மாமா வைத்திருந்து, பிறகு என் கைக்கு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருவது பதினொரு வருடங்களாக அதில்தான்.

மூன்று சிலிண்டர், 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீற்றர். பெற்றோலையும் காற்றையும் கலந்து அனுப்ப ஒரு காபுரேற்றர். குதிரைவலு நாற்பதைத் தொடாது. வண்டியின் எடையும் ஏறத்தாழ 650 கிலோதான் என்பதால் அந்த வலு போதும். பெற்றோல் மிச்சமாவதும் பாதி அந்த எடையால்தான். இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய மாருதி 800ஐ 2014 ஜனவரியில்தான் நிறுத்தினார்கள். ஒம்னி வானுக்கும் இதே எஞ்சினைப் போட்டார்கள். ஆகவே பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்காது, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நடை நடந்தால் போதும். போலிப் பாகங்களும் அங்கேயேதான் கிடைக்கும். விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்கும். நான்கு சிலிண்டர் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்று சிலிண்டரின் சுபாவமே அதுதான். கியர் தடி தலையாட்டத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும்: எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும், அல்லது ஒரு பிளக் எரியவில்லை. நான்கில் ஒன்று போனால் சமாளித்து வீடு வந்துவிடலாம். மூன்றில் ஒன்று போனால், கால் உடைந்த முக்காலியில் உட்கார்ந்த கதைதான்.

இனி என் அனுபவம். லீற்றருக்கு பதினான்கு கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு வருடம் பத்துக்கு இறங்கியது. பிளக் மாற்றினேன், காபுரேற்றரைக் கழுவினேன், எயார் ஃபில்டர் புதிதாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் காபனோரொட்சைட்டு கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள், இருவரும் காபுரேற்றரையே மாற்றச் சொன்னார்கள்.

கடைசியில் தெமட்டகொடையில் ஒரு மெக்கானிக் நானாவிடம் போனேன். அவர் பொனட்டைத் திறந்தார், எஞ்சின் ஆறும்வரை என்னோடு பிளேன்டீ குடித்தார், பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு றேடியேற்றரின் மேல் குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் கழித்து, "தம்பி, இதற்குள் தெர்மோஸ்டாட் இல்லை" என்றார். அது இருக்க வேண்டிய இடத்தின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெறும் ஓட்டை. எஞ்சின் சூடேறும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். அது இருந்தால் தண்ணீர் 80 பாகையைத் தாண்டும்வரை அந்த மேல் குழாய் குளிர்ந்தே இருக்கும், அது திறந்ததும் குழாய் சட்டென்று சுடும். என்னுடையது தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.

வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்று முன்பு யாரோ ஒரு கராஜில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் இது பரவலான பழக்கம். அதன் விளைவு: காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓடி முடியும்வரை எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. காபுரேற்றர் அனுப்பும் பெற்றோல் சரியாக ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. பாதி எரிந்தும் எரியாமலும் புகையாகப் போகிறது. அதைக் கழற்றியதற்கு முதற் காரணமே வண்டி ஒருமுறை கொதித்ததுதானாம். கொதித்ததற்குக் காரணம் றேடியேற்றர் விசிறியின் சுவிட்ச் செத்திருந்தது. நோய் ஓரிடம், வைத்தியம் வேறிடம். நானா இரண்டையும் போட்டுத் தந்தார். பரிசோதனையில் தேறியது, கணக்கும் பழையபடி பதினான்குக்குத் திரும்பியது.

அந்தப் பதினான்கின் அருமை 2022இல் தெரிந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். பெரிய ஜீப் வைத்திருந்த மேல்மாடி அண்ணன் புதன்கிழமையே வண்டியைப் போர்த்திவிடுவார். எனக்கு ஞாயிறன்றும் தாங்கியில் மிச்சம் இருந்தது.

ஏசி பற்றியும் கேட்பீர்கள். இருக்கும் நாற்பதுக்குக் குறைவான குதிரைகளில் சிலவற்றை அது கட்டிப்போட்டுவிடும். காலி வீதிக்குப் பரவாயில்லை. நான்கு பேரோடு கண்டிக்குப் போனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் அதை நிறுத்திவிட்டு, இரண்டாம் கியரில், பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னைக் காதில் வாங்காமல் ஏற வேண்டும். கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால் காபுரேற்றர் இல்லாத பிந்திய வண்டியைத் தேடுங்கள், காலையில் ஸ்டார்ட் எடுக்கும் தொல்லை குறையும்.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் அரை மணி முன்னதாகப் போங்கள். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பிளேன்டீ நிறமென்றால் நல்லது. பால்தேநீர் நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் ஹெட் காஸ்கட் போயிருக்கக்கூடும். அலுமினிய ஹெட் வளைந்திருந்தால் செலவு இன்னும் ஏறும். றேடியேற்றரில் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் நின்றால் அதையும் விலையில் பேசுங்கள். கடைசியாக ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள். விற்பவர் "பெற்றோல் வீணாகிறது" என்று முணுமுணுத்தால் அந்த இருபது நிமிடத்துக்கான காசை நீங்களே கொடுத்துவிடுங்கள், ஆனால் விசிறி சுழலும் சத்தம் கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.