கடலுக்குள் கேட்கும் குரல்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். ஊர் பாம்பன் பக்கம். ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறேன். கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணின் அப்பா, வாடைக்காற்று நேரத்தில் வல்லம் என்கிற படகோடு காணாமல் போகிறார். அன்றிலிருந்து தண்ணீருக்குள் மூழ்கும்போதெல்லாம் அவளுக்கு இறந்தவர்களின் குரல் கேட்கிறது. பைத்தியம் என்று சொல்லி ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலி போடுகிறார்கள். ஒரு ராத்திரி ஒளி தோன்றிச் சங்கிலி அறுகிறது. கடைசியில் கடலுக்குள் அப்பாவின் குரல் "அழாதம்மா, நான் போயிட்டு வாரேன்" என்கிறது. அவள் குணமாகிவிடுகிறாள். இதை என் தோழிக்குப் படிக்கக் கொடுத்தேன். அவள் தங்கச்சிமடத்துப் பெண், வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். அவளுடைய அப்பாவும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்தான். மறுநாள் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? இந்த மாயசக்தியெல்லாம் வேண்டாமா?

பதில்: சக்தியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. உங்கள் கதையில் இருக்கிற நல்ல விஷயமே அதுதான். ஆனால் அது கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறதே, அங்கேதான் கதை சறுக்குகிறது.

உங்கள் தோழியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். உடல் கரை ஒதுங்கியிருந்தால் அடக்கம் நடந்திருக்கும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடமாவது இருந்திருக்கும். இப்போது எதுவும் இல்லை. அம்மா தாலியைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே இருப்பதா? "இலங்கைப் பக்கத்து ஜெயில்ல பார்த்ததாச் சொன்னாங்க" என்று யாராவது ஒரு பேச்சைக் கொண்டுவந்தால் வீடு மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க ஆரம்பிக்கும். சட்டமும் இந்த விஷயத்தில் மெதுவாகத்தான் நகரும். ஏழு ஆண்டு எந்தத் தகவலும் வராமல் இருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் 1970களில் இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றி ஆராய்ந்தார். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்கள் அவை. இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று தனியாக ஒரு பெயர் வைத்தார். இவர்களை ஒரு முடிவுக்கு வரச் சொல்லி நெருக்கக் கூடாது என்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற இரண்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் அவர் காட்டும் வழி. உங்கள் கதாநாயகிக்கோ அப்பாவே வந்து விடை சொல்லிவிட்டுப் போகிறார். தோழிக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றை, ஒரு பக்கத்தில், தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவளால் வேறு என்ன சொல்ல முடியும்?

இன்னொன்றும் அவளை உறுத்தியிருக்கலாம். அப்பா போனார், மகளுக்குச் சக்தி வந்தது என்கிற கணக்கு. இப்போது வருகிற கதைகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. பட்ட அடிக்குப் பரிசாக ஒரு வரம். அப்படியானால் வரம் வராதவள் என்ன நினைத்துக்கொள்வாள்?

அழுது தீர்த்ததும் குணமாகிவிடும் என்கிற எண்ணம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. புதைந்துகிடந்த நினைவைச் சொல்லித் தீர்த்தால் நோய் போய்விடும் என்று 1895-இல் வியன்னாவில் ப்ராயர், ப்ராய்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். ப்ராய்டே பிற்பாடு அதை விட்டு வேறு பக்கம் போய்விட்டார். நம் சினிமாக்காரர்கள்தான் இன்னும் விடவில்லை. விபத்திலோ பேரிடரிலோ தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். அதனால் பிற்கால மனநோய் தடுக்கப்படவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. பலன் தருகிற சிகிச்சை வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. கதையில் அதைக் காட்ட அலுப்பாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் நம் ஊரிலேயே இதைவிட நல்ல பாடம் இருக்கிறது. கோயில் கொடையில் சாமி இறங்குகிறவளைப் பார்த்திருப்பீர்கள். "யாரு நீ, உனக்கு என்ன வேணும்?" என்று ஊரே நின்று கேட்கும். அவள் சொல்வாள், கேட்பாள், ஏசுவாள், மலையேறிவிடுவாள். அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடியும் வருவாள். ஒரே ராத்திரியில் எல்லாம் தீர்ந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. உங்கள் பெண்ணுக்கும் அந்தக் குரல் போய்ப் போய் வரட்டும்.

ஏர்வாடி அத்தியாயத்தைத்தான் முழுசாக மாற்றி எழுத வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. எந்த ஒளியும் வந்து அந்தச் சங்கிலியை அறுக்கவில்லை. இது தெரிந்த ஒருவர் உங்கள் காட்சியைப் படித்தால் எப்படி இருக்கும்? உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்கிறது. கதை இன்றைய காலத்தில் நடப்பதென்றால் அந்தக் காட்சி வேண்டாம். பழைய காலம் என்றால் ஆண்டைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். தர்காவைக் குறை சொல்லவும் தேவையில்லை. இப்போது அங்கே பிரார்த்தனையோடு அரசு மனநல சிகிச்சையும் சேர்ந்தே நடக்கிறது. ஒரு கையில் தாயத்து, மறு கையில் மாத்திரைச் சீட்டு என்று உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவை எழுதினால் ஒளியெல்லாம் தேவைப்படாது.

சரி, அப்புறம் கதையை எப்படித்தான் கொண்டுபோவது? உங்களுக்குத் தெரிந்த வேலையிலேயே வழி இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே மூழ்குகிறார்கள்? அந்த ஒரு மூச்சு இருக்கிற வரைதான் குரல் கேட்கும் என்று வையுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் கீழேயே இருந்துவிடுகிறாள். பை காலியாகவே மேலே வருகிறது. அன்றைக்குக் கூலி போச்சு. ஒருநாள் கூட வந்த பெண்கள் முடியைப் பிடித்து மேலே இழுக்க வேண்டியதாகிறது. அடுத்த நாளிலிருந்து அவள் இறங்கினால் வல்லத்தில் ஒருத்தி வாய்விட்டு எண்ண ஆரம்பிக்கிறாள். அவள் குணமாவது அந்த எண்ணிக்கையில் தொடங்கலாம்.

கரையில் அவள் படுகிற பாட்டையும் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்டில் டீசல் வாடை அடித்ததும் கை விறைத்துப்போவது, படகுத்துறைப் பக்கம் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போவது, விடியுமுன் இன்ஜின் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வது. அவளுடைய தம்பி நிம்மதியாகத் தூங்கட்டும். ஒரே இழப்பு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை, பலர் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுவார்கள். அவன் தூங்குவதைப் பார்த்து அவளுக்கு வருகிற எரிச்சலை எழுதினீர்கள் என்றால் அதுவே ஒரு அத்தியாயம்.

கடைசியில் எல்லாருடைய குரலும் அவளுக்குக் கேட்கட்டும், அப்பாவுடையதைத் தவிர. அல்லது ஒரு குரல் கேட்கட்டும், அது அவருடையதுதானா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டாம்.

தோழி விஷயம். திருத்தி எழுதியதைக் காட்டிச் சமாதானம் செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "உன்கிட்டக் கேக்காமலே உங்க வீட்டுக் கதையை எழுதிட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கதையை நீங்களாக இழுக்க வேண்டாம். தூக்கமில்லாமல், சாப்பிடாமல் இருக்கிறாள், வாழவே பிடிக்கவில்லை என்பது போலப் பேசுகிறாள் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். அரசின் இலவச சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதல் தடவை அவளுக்குத் தயக்கமாக இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணை அழுத்திக் கொடுங்கள்.